காலையில் மட்டும் வராத கம்ப்யூட்டர்

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. நேற்று மகளுடைய புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் புதுப் பென்சில் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ரப்பரை எடுத்து, "அப்பா, மணத்திப் பாருங்க" என்று என் மூக்கருகே நீட்டினாள். மணத்திப் பார்த்தேன். உங்களுக்கு அந்த வாசனை ஒன்றாம் வகுப்பைக் கொண்டுவரும். எனக்குக் கம்ப்யூட்டரைத்தான் கொண்டுவரும். அதுவும் சுவிட்சைப் போட்டால் வராத கம்ப்யூட்டரை.

சிரிக்காதீர்கள். ஒருகாலத்தில் என் பையில் எப்போதும் மூன்று ரப்பர்கள் இருந்தன. அப்போதைய கம்ப்யூட்டர்களில் ரேம் என்று ஒரு பட்டை இருக்கும். அதன் கீழ் விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாகக் கோடுகள். எங்கள் மாவட்டத்துக் கடல்காற்று பட்டு அந்தக் கோடுகள் மங்கிப்போனால், பெட்டியில் காத்தாடி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கருப்பாகவே கிடக்கும். பட்டையைப் பிடுங்கி, ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி செருகினால் பாதிக் கம்ப்யூட்டர்கள் பிழைத்துக்கொள்ளும். மீதிப் பாதிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

ஆறுமாத கோர்ஸ் ஒன்று படித்துவிட்டு, வடசேரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஜெபராஜ் அண்ணனின் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கீழே வாழைக்குலை மண்டி, மேலே எங்கள் கடை. பழுக்கிற ஏத்தங்குலை வாசனையும் ஈயம் உருகுகிற வாசனையும் கலந்து ஒரு மாதிரி தலைசுற்றும். அண்ணன் எனக்குச் சொல்லித்தந்த தொழில் ரகசியம் ஒன்றுதான். "லேய், வீட்டுல உள்ளவங்க முன்னால தெரியாதுன்னு மட்டும் சொல்லிராத. ஸ்குரூவக் கழத்து. கழத்தும்போது ஒண்ணு தோணும்."

நானும் கழற்றினேன். ஒன்றும் தோன்றாது. எனக்குத் தெரிந்த வைத்தியம் நாலுதான்: தேய்ப்பது, ஊதுவது, பிடுங்கிச் செருகுவது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுவது. ஆனால் வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று என் முகத்தையே பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முகத்தைப் பார்ப்பதுபோல. அந்தப் பார்வைக்காகவே நான் புருவத்தைச் சுருக்கி, "ம்ம்" என்று சொல்லப் பழகியிருந்தேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. மீசை இன்னும் முழுதாக வரவில்லை.

கடியப்பட்டணத்திலிருந்து பிலோமினா அக்கா போன் செய்தது அந்த வருஷத்து மழைக்காலத் தொடக்கத்தில். மணவாளக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போனேன். வழியில் இரண்டுபேரிடம் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். முன்னால் ஓட்டு வீடு. பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு சாய்ப்பு அறை. அந்த அறையில் கம்ப்யூட்டர், பூப்போட்ட வெள்ளைத்துணி மூடி உட்கார்ந்திருந்தது. பழைய பெட்டி. வெள்ளையாக இருந்து பழுப்பேறிப்போனது. அக்காவின் கணவர் கிளீட்டஸ், வளைகுடாவில் மீன்பிடிக்கப் போவதற்கு முந்தின மாதம் யாரிடமோ வாங்கி, கேமராவும் பூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவருக்கு ஓய்வு. அன்று காலையில் கரையில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு வருவார். நம் நேரத்துக்குப் பத்து மணி. பன்னிரண்டு மணிக்குத் தொழுகைக்காகக் கடையை அடைத்துவிடுவார்கள். மத்தியானம் அவருடைய போட் கடலுக்குப் போய்விடும். ஆக, வாரத்தில் அந்த இரண்டு மணிநேரம்தான் அந்த வீட்டுக்குக் கணவனும் அப்பாவும். வெள்ளிக்கிழமை என்றால் அக்கா காலையிலேயே குளித்து, மகள் ஆன்சிக்குத் தலைசீவிப் பவுடர் போட்டு, இருவரும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இதெல்லாம் அக்கா எனக்குச் சொன்னது.

"சில வெள்ளிக்கி வருது. சில வெள்ளிக்கி சவம் என்ன செய்தாலும் வராது மக்கா" என்றார்.

நான் சுவிட்சைப் போட்டேன். ஒரே அமுக்கில் வந்துவிட்டது. அப்போது மத்தியானம் இரண்டு மணி. அக்கா வெட்கப்பட்டுப்போனார். "உன்னப் பாத்து அதுக்குப் பேடி போல, பயந்து வந்துட்டு." எனக்குப் பெருமையாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ரேமைத் தேய்த்துவிட்டு, சாயா குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அது வரவில்லை. நான் போய்ப் பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஜன்னலோர வெயில் பெட்டியிலும் என் மடியிலும் காய்ந்தது. கடையில் வைத்துச் சுவிட்சைப் போட்டால் வந்துவிட்டது. மூன்று நாள் கடையில் வைத்திருந்தோம். முழுநாளும் மற்ற கம்ப்யூட்டர்கள் ஓடுகிற சூட்டில், மண்டியிலிருந்து ஏறுகிற புழுக்கத்தில், அது ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை. கரண்ட்தான் சரியில்லாமல் இருக்கும் என்று முடிவுசெய்து, கரண்ட் வாங்கிக்கொடுக்கும் பெட்டியை மட்டும் புதிதாக மாற்றி, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கொண்டுபோய்ப் பூட்டினேன். வந்தது.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மக்கா, ஒண்ணு சொல்லுகேன், கேட்டியா. இது காலையிலதான் வராததாக்கும். மத்தியானம் ஆனா வந்துரும். நான் பாத்துட்டேன்."

நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பை என் முகத்திலிருந்து பிடுங்கி எறியலாம்போல இருக்கிறது. "அக்கா, கம்ப்யூட்டருக்குக் காலையும் மத்தியானமும் தெரியுமா? அது மெஷினுல்லா."

"வராதப்போ பத்து இருபது மட்டம் அமுக்கிப் பாப்பேன். அப்பம் சிலநேரம் வந்துரும்."

"அய்யோ, அப்படி அமுக்கவே கூடாது. உள்ள எல்லாம் எரிஞ்சு போவும். ஒருதடவ அமுக்குங்க. வரலேன்னா அப்படியே விட்டுருங்க. ராத்திரி பிளக்கையும் கழத்திப் போட்டுருங்க."

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னது. அக்கா தலையாட்டினார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இந்த வெள்ளி மட்டும் எப்படியாவது வரணும் மக்கா" என்றார். "போன மட்டம் இன்னும் ஒரு வருஷம் நிக்கப்போறேன்னு சொன்னாவ. எனக்குக் கோவம் வந்து பாதியிலேயே அமத்திட்டேன். அதுக்குப் பொறவு பேசேல்ல."

"வரும்க்கா. நான் பொறுப்பு" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள், அந்த வார்த்தை.

மறுநாள் காலை நல்ல மழை. பத்தேகால் மணிக்குக் கடை போன் அடித்தது. எடுத்ததுமே தெரிந்துவிட்டது. "பச்ச லைட்டு எரியுது. காத்தாடி சுத்துது. ஸ்கிரீன் கருப்பா கெடக்கு. நீ சொன்னதுபோல ஒருதடவதான் அமுக்குனேன்." பின்னால் ஆன்சி, "அம்மா, அப்பா வந்தாச்சா?" என்று கேட்பது கேட்டது. அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. அப்பாவிடம் காட்டவேண்டும் என்று அதை ஒரு தாளில் பொதிந்து வைத்திருந்தாளாம்.

பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். அஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொன்னேன். மறுபடி போடச் சொன்னேன். பின்னால் இருக்கிற வயர்களை அழுத்தச் சொன்னேன். அக்கா ஒவ்வொன்றையும் செய்துவிட்டு வந்து, "இல்ல மக்கா" என்பார். இருபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு கருப்புத் திரை. இந்தப் பக்கம் போனைப் பிடித்தபடி நான். சொல்வதற்கு இருந்த நாலு வைத்தியமும் தீர்ந்துபோனது. கடைசியில் "நான் வாறேன்க்கா" என்று வைத்துவிட்டு ஓடினேன். பஸ் வந்து, மழையில் ஊர்ந்து, இறங்கி நனைந்துகொண்டே நடந்து நான் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது. அக்கா புதுச்சேலையோடு அதே நாற்காலியில் இருந்தார்.

நான் சுவிட்சைப் போட்டேன்.

வந்துவிட்டது. அந்த நிமிஷம் அது வராமல் போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

சாட்டிங் பெட்டி திறந்ததும், கிளீட்டஸ் காலையில் எழுதிவைத்துப் போனவை ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார். "இருக்கியா?" "பிள்ள எங்க?" "கறண்டு இல்லியா?" கொஞ்சம் இடைவெளி. "கோவம் தீரேல்ல என்னா?" கடைசியாக, "சரி. நானும் போன் போட்டு விளிக்க மாட்டேன். அடுத்த வெள்ளி பாப்போம்."

அக்கா உடனே ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடிப் பதில் அடித்தார். கம்ப்யூட்டர் வரேல்ல, எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல, பிள்ளைக்குப் பல்லு விழுந்துட்டு என்று. அதை வாசிக்கவேண்டியவர் அதற்குள் கடலுக்குள் போயிருப்பார். அவர் தங்கியிருந்த அறைக்குக் கீழே இருந்த கடைக்கும் அக்கா போன் செய்து பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. நான் மேசைக்குக் கீழே குனிந்து, தேவையே இல்லாமல் வயர்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அந்த அடுத்த வெள்ளி வரவேயில்லை. அதற்குள் செய்தி வந்துவிட்டது. காற்றில் ஒதுங்கிய அவருடைய போட் எல்லைதாண்டிவிட்டதென்று அங்கே பக்கத்து நாட்டுக் காவல்படகு பிடித்துக்கொண்டுபோய்விட்டது. போட்டில் ஐந்துபேர். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஜெயிலில் இருக்கிறார்கள், எப்போது விடுவார்கள் என்று தெரியாது. சர்ச் சாமியார் போன் செய்து கேட்டார், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். அக்காவால் செய்ய முடிந்தது வேறு ஒன்றுமில்லை.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. கடியப்பட்டணம், முட்டம், மணவாளக்குறிச்சி என்று எந்த அழைப்பு வந்தாலும் வயிற்றுவலி என்றேன். அண்ணனுக்கு என் வயிற்றைப்பற்றித் தெரியும். ஒருநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து கடைவாசலில் நிறுத்தி, "கேறுலே" என்றார். "அந்த அக்கா விளிச்சாவ. கம்ப்யூட்டர் சரியாவணுமாம்."

"இனி எதுக்கு அண்ணே?"

"அத அவங்ககிட்ட நீயே கேளு."

அக்கா எங்களைப் பார்த்ததும் சுவரிலிருந்து கோயில் காலண்டரைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தார். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் பொடியாக எழுதியிருந்தது. மணி ஒன்பது, பெருக்கல் குறி. ஒன்பதே முக்கால், பெருக்கல் குறி. ஒரு மணி, சரி குறி. மழைபெய்த நாட்களில் மத்தியானத்திலும் பெருக்கல் குறி. பக்கத்திலேயே "மழை" என்று எழுதியிருந்தார். நான் ஒருதடவைதான் அமுக்க வேண்டும் என்று சொன்ன நாளிலிருந்து காலையில் ஒரே ஒரு பெருக்கல் குறி மட்டும்.

அண்ணன் அதை விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார். "லேய், இங்க வா." மதர்போர்டில் சுண்டுவிரல் நுனி அளவில் சின்னச் சின்ன டின் உருளைகள் நிற்கும். கெப்பாசிட்டர். அதில் ஐந்து, தலை உப்பிக் கிடந்தன. ஒன்றின் மண்டையில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. "இது வீங்கிப்போனா குளிருல வேல செய்யாது. சூடு கேறணும். இந்த ஷீட்டுக்குக் கீழ காலையில பச்சத்தண்ணிபோலக் கெடக்கும். மத்தியானம் அடுப்பு. பலதடவ அமுக்கும்போது அதுவே சூடாயி வந்துரும்." பிறகு குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டார். "நீ இத மூணு மட்டம் தொறந்தியே. என்ன பாத்த?"

"தூசி பாத்தேன் அண்ணே."

அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். பத்தடி அறை அது. ஆனால் அவர் சாயா போட உள்ளே போனார்.

அண்ணன் ஐந்தையும் கடையில் மாற்றிப் பூட்டிக் கொடுத்தார். கழற்றிய உருப்படிகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு அக்காவிடமே கொடுத்தார். அது எங்கள் கடைப் பழக்கம். பிறகு ஒருநாள் அக்கா போனில், "இப்பம் காலையில ஒரே அமுக்குல வருது மக்கா" என்று சொன்னார். குரலில் குத்தல் ஏதும் இல்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதைப் போட்டு வைத்து, பன்னிரண்டு வரைக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பாராம். அந்தப் பக்கத்தில் யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தேதான்.

ஏழுமாதம் கழித்து கிளீட்டஸ் அண்ணன் ஊர் வந்து சேர்ந்தார். இரண்டாவது நாளே அக்கா கடைக்குப் போன் செய்தார். "மக்கா, நீ ஒருமட்டம் வீட்டுக்கு வரணும்."

"என்ன கம்ப்ளெயின்ட்டுக்கா?"

"கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் இல்ல. நீ வா."

போனேன். அவர் சாய்ப்பு அறையில் பெஞ்சில் இருந்தார். போட்டோவில் பார்த்த ஆளில் பாதிதான் மிச்சம். கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. அக்கா கதவோரம் நின்றார். முகம் அழுது வீங்கியிருந்தது.

"நீதானா மெக்கானிக்கு?" என்றார். "அன்னைக்கு கம்ப்யூட்டர் வேல செய்யேல்லன்னு இவ சொல்லுகா. மத்தியானம் பன்னெண்டரைக்கு இவ எழுதியிருக்கா, நான் இப்பம் பாத்தேன். மத்தியானம் வந்த கம்ப்யூட்டரு காலையில எப்படி வராம இருக்கும்? நீ சொல்லு."

ஏழுமாதமும் அந்த மனிதர் ஜெயிலில் அதை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். கோபத்தில் அவள் வேண்டுமென்றே வரவில்லை என்று. இந்த உலகத்தில் அப்படியில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். அதே கேள்வியை அக்காவிடம் கேட்டுச் சிரித்தவனும் நான்தான்.

ஜெபராஜ் அண்ணன் சொன்ன சூடு, குளிர், வீக்கம் எல்லாம் குழம்பிக் குழம்பி வந்தது. "அண்ணே, அக்கா எனக்கு முன்னாலயே சொன்னாங்க. காலையில வராதுன்னு. நான்தான் கேக்கல. பலதடவ அமுக்குனா வந்திருக்கும். அமுக்கக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். எனக்குத் தெரியாது அண்ணே. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அக்கா உள்ளே போய்த் தீப்பெட்டியை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் கவிழ்த்தார். ஐந்து உருளைகள். அவர் ஒன்றை எடுத்து, உப்பிய தலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இம்புட்டுதானா?" என்றார்.

அவர் எழுந்து என்னைத் தாண்டிப் போய், முற்றத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். அடிக்கப்போகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்கு ஒருவேளை சுலபமாக இருந்திருக்கும். திரும்பி வந்தவர் அக்காவைப் பார்த்து, "இவனுக்குச் சாயா குடுத்தியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் வெளிநாடு போகவில்லை. நானும் ஒரு வருஷத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனேன். ஜெபராஜ் அண்ணனும் கடையை மூடிவிட்டு மகனோடு பெங்களூரில் இருக்கிறார். அந்த மாடியில் இப்போது செல்போன் உறைகள் விற்கிறார்கள். கீழே குலை மண்டியும் இல்லை. பிரவுசிங் சென்டர்களில் ஒன்றுகூட வடசேரியில் மிச்சமில்லை. வீட்டுக்கு மெக்கானிக் வந்து பெட்டியைத் திறப்பதும், வீடே சுற்றி நின்று அவன் முகத்தைப் பார்ப்பதும் எப்போது நின்றுபோனது என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது எது கெட்டாலும் கேட்பதற்கு ஆள் கிடையாது. திறக்கத் திருகாணியும் கிடையாது. வாரத்தில் இரண்டு மணிநேரத்துக்காகக் குளித்துப் பவுடர் போட்டு உட்கார்ந்திருக்கிற வெள்ளிக்கிழமையும் யாருக்கும் இல்லை. அது இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. உண்மையாகச் சொல்கிறேன்.

போன மாதம் வடசேரி சந்தையில் பிலோமினா அக்காவைப் பார்த்தேன். நரைத்திருந்தார். அடையாளம் தெரியக் கொஞ்சநேரம் ஆனது. ஆன்சி நர்சிங் முடித்து வேலைக்குப் போகிறாளாம். பேசிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த போன் அடித்தது. திரையில் கிளீட்டஸ் அண்ணனின் முகம், வலைகளுக்கு நடுவிலிருந்து. "எங்க நிக்க? எப்பம் வருவா?" என்றார் அவர்.

"சந்தையிலல்லா நிக்கேன். ஒரே சத்தம், பொறவு விளிக்கேன்" என்று அக்கா பெருவிரலால் அந்த முகத்தை அணைத்துவிட்டு, கத்தரிக்காய் விலை எவ்வளவு ஏறிவிட்டது என்று என்னிடம் சொல்லத் தொடங்கினார்.

பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பை நிறையக் காய்கறியை மடியில் வைத்து உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்போது போன் மறுபடியும் அடித்தது. அக்கா யார் என்று பார்த்துவிட்டு, எடுக்காமல், அதை அப்படியே அடிக்க விட்டுவிட்டு, எனக்குக் கைகாட்டினார்.